‘ஒரு நாள் வாங்க’ என்பது தேதி இல்லை

1/
எஃப்பிஎல் ஆடுறவங்களுக்கு இது டிசம்பர் தலைவலி: கையில இருக்கற சிப்பை எந்த வாரம் போடறது? ஆடாதவங்களும் படிங்க. கடைசியில உங்களுக்கும் ஒரு வேலை வெச்சிருக்கேன். இழை கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

2/
ஓசூரை ஒட்டின மத்திகிரியில நான் பொது மருத்துவர். காலையில தமிழ்ல காய்ச்சல், மதியம் தெலுங்குல முட்டிவலி, சாயங்காலம் கன்னடத்துல சுகர்னு ஓடும் என் நாள். சிப்காட் ஷிஃப்ட் மாறுற நேரம் தான் எங்க ஊருக்குக் கடிகாரம். அந்தக் கடிகாரத்துக்கு நடுவுல சனிக்கிழமை மதியம் 3:30க்கு எனக்கு மட்டும் தனியா ஒரு அலாரம் அடிக்கும். எஃப்பிஎல் கெடு. இங்கிலாந்துல முதல் ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்னாடி டீமைப் பூட்டிடுவாங்க. குளிர்காலத்துல அங்க கடிகாரத்தை மாத்தினதும் நமக்கு அது 4:30 ஆயிடும்.

3/
தெரியாதவங்களுக்கு: ஃபேன்டஸி பிரீமியர் லீக் ஒரு இலவச விளையாட்டு. 10 கோடி பவுண்டு கற்பனைப் பணம் தருவாங்க. அதுல 15 வீரர்களை வாங்கணும். ஒரே கிளப்ல 3 பேருக்கு மேல கூடாது. வாரம் 11 பேரை இறக்கறோம். அவங்க நிஜ மைதானத்துல கோல் அடிச்சா நமக்குப் புள்ளி. நாம கேப்டன்னு குறிச்சவருக்குப் புள்ளி ரெட்டிப்பு. இப்படி 38 வாரம்.

காசு வெச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை பண்ணிடுச்சு. இது அந்த வகை இல்ல. தோத்தா மானம் மட்டும் தான் போகும்.

4/
சிப் என்பது எப்பவாவது போடற துருப்புச் சீட்டு. நாலு வகை.

வைல்ட் கார்டு: டீமையே கலைச்சுட்டு இலவசமா புதுசாக் கட்டலாம்.
ஃப்ரீ ஹிட்: ஒரு வாரத்துக்கு மட்டும் வேற டீம். அடுத்த வாரம் பழைய டீம் தானா திரும்பிடும்.
பெஞ்ச் பூஸ்ட்: வெளியே உக்கார்ற நாலு பேரோட புள்ளியும் சேரும்.
ட்ரிப்பிள் கேப்டன்: கேப்டனுக்கு மூணு மடங்கு.

5/
இதுல ‘டபுள் வாரம்’னு ஒண்ணு இருக்கு. கோப்பைப் போட்டி, புயல், பனின்னு ஏதாவது காரணத்துல தள்ளிப்போன ஆட்டத்தை வேற வாரத்துல சொருகுவாங்க. அந்த வாரம் அந்த அணிக்கு ரெண்டு ஆட்டம். அப்போ ட்ரிப்பிள் கேப்டன் போட்டா ரெண்டு ஆட்டத்துப் புள்ளியும் மூணு மடங்கு. அதனால எல்லாரும் டபுள் வாரத்துக்காகச் சிப்பைப் பெட்டியில பூட்டி வெச்சுக் காத்திருப்பாங்க. நானும் அப்படித்தான்.

6/
அந்தக் காத்திருப்பு எனக்குக் கொடுத்த பரிசைக் கேளுங்க.

2024 பிப்ரவரி. மான்செஸ்டர் சிட்டிக்கு டபுள் வாரம். ஹாலண்டுக்கு ட்ரிப்பிள் கேப்டன் போட்டேன். செல்சியோட ஆட்டத்துல மனுஷன் 9 தடவை அடிச்சார், ஒண்ணு கூட உள்ள போகல. அடுத்த ஆட்டத்துல ஒரே ஒரு கோல்.

அதே வருஷம் மே 11, 37ஆவது வாரம். பெஞ்ச் பூஸ்ட்டை அந்த டபுள் வாரத்துக்குன்னே சீசன் முழுக்கக் காப்பாத்தி வெச்சிருந்தேன். சனிக்கிழமை 3:30க்கு கிளினிக்ல ஒரு குழந்தைக்கு வலிப்பு. குழந்தை சரியாகி, நான் போனை எடுத்தப்போ மணி 3:50. கடைசி வாரத்துல வேற வழியில்லாம போட்டேன். நாலு பேரும் சேர்ந்து 5 புள்ளி.

7/
எங்க லீக்ல 14 பேர். வாத்தியார் ரெண்டு பேர், ஒரு மெடிக்கல் ரெப், தினம் பெங்களூர் போய் வர்ற ஐடி பசங்க, பாலிஹவுஸ்ல ரோஜா வளர்க்கிற ஒருத்தர், மிச்சம் பேர் ஃபேக்டரி. ஞாயிறு தவறாம ஷட்டில் ஆடுற கூட்டம் தான் இது, முடிஞ்சா சனிக்கிழமையும் கூடுவோம்.

இதுல ஒரு அண்ணனை எல்லாரும் ‘கேப்டன்’னு தான் கூப்பிடுவோம். 52 வயசு. ஒரு தொழிற்சாலையில தரக்கட்டுப்பாட்டுல இருக்கார். வேலையில எப்படியோ ஆட்டத்துலயும் அப்படியே. கோடு போட்ட நோட்டுல 38 வாரத்துக்கும் அட்டவணை எழுதி வெச்சிருப்பார். எந்த ஆட்டம் எப்போ தள்ளிப்போகும்னு பென்சில்ல குறிச்சிருப்பார்.

8/
2024 டிசம்பர் 7. தராக் புயலால எவர்டன்-லிவர்பூல் ஆட்டம் தள்ளிப்போச்சு. நாங்கெல்லாம் சலா ஆடலையேன்னு புலம்பிட்டு இருந்தோம். கேப்டன் குரூப்ல ஒரே வரி போட்டார்:

“இந்த மேட்ச் திரும்ப என்னிக்கு வருதோ, அன்னிக்குத் தான் என் ட்ரிப்பிள் கேப்டன்.”

அது 24ஆவது வாரத்துல வந்துச்சு. பிப்ரவரி 1 போர்ன்மவுத், பிப்ரவரி 12 எவர்டன். சொன்ன மாதிரியே போட்டார். போர்ன்மவுத்தோட சலா 2 கோல். எவர்டனோட ஒரு கோல், ஒரு அசிஸ்ட். மொத்தம் 29 புள்ளி, மூணு மடங்கு 87. சலா 344 புள்ளி எடுத்து எஃப்பிஎல் சாதனை வெச்ச சீசன் அது.

நான்? ‘அடுத்த வாரமும் லிவர்பூலுக்கு டபுள் தானே, அப்போ பார்த்துக்கலாம்’னு வெச்சிருந்தேன்.

9/
இது வரைக்கும் ஆட்டம். இனி சொல்றதை எழுதவா வேண்டாமான்னு பல மாசம் யோசிச்சேன். கேப்டன் “எழுதுங்க சார், நாலு பேராவது பார்க்கட்டும்”னு சொன்னதால எழுதறேன்.

10/
பிப்ரவரி 8, சனிக்கிழமை காலை. ஷட்டில் கோர்ட். ரெண்டு கேம் முடிஞ்சதும் கேப்டன் உக்காந்துட்டார். நெஞ்சு நடுவுல கையை வெச்சுத் தேய்ச்சுக்கிட்டே, “சார், இப்பல்லாம் ரெண்டு கேம் ஆடினாலே இங்க அடைக்குது. உக்காந்தா சரியாயிடுது” அப்படின்னார்.

மருத்துவக் கல்லூரி மூணாம் வருஷப் பையன்கிட்ட இந்த வரியைச் சொன்னா, தூக்கத்துலயே பதில் சொல்வான். வேலை செஞ்சா அடைக்குது, ஓய்வெடுத்தா போயிடுது. இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கலாம்னு உடம்பு கொடுக்கற முன்னறிவிப்பு அது.

எனக்கு 9 மணிக்கு கிளினிக். பேட்டை உறையில போட்டுக்கிட்டே சொன்னேன்:

“ஒரு நாள் வாங்கண்ணா, ஈசிஜி எடுத்துடலாம்.”

“சரி சார்.”

11/
ஒரு நாள். எந்த நாள்?

அவர் மனசுல ஒரு கணக்கு இருந்துச்சு. மகளுக்கு மார்ச் 3 பிளஸ் டூ பரீட்சை தொடக்கம். பரீட்சை முடியற வரைக்கும் தானே பைக்ல கூட்டிட்டுப் போய் வரணும்னு லீவு சேர்த்து வெச்சிருந்தார். அப்போ நடப்புல இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி வருஷம் 240 நாள் வேலை பார்த்தவங்களுக்கு 20 நாளுக்கு 1 நாள்னு அடுத்த வருஷம் சம்பளத்தோட விடுப்பு கிடைச்சுது. எடுக்காத நாளை 30 வரைக்கும் கொண்டு போகலாம். இவர் கையில 27 நாள் இருந்துச்சு. ஒரு ஈசிஜிக்காக அதுல ஒண்ணை உடைக்க மனசு வரல. ஞாயித்துக்கிழமை வார விடுமுறை தானே, அப்போ பார்த்துக்கலாம்னு விட்டுட்டார். அடுத்த நாளே ஒரு ஞாயிறு வந்துச்சு. சொந்தக்காரங்க கல்யாணம், கிருஷ்ணகிரி போயிட்டார்.

12/
பிப்ரவரி 12 புதன். பி ஷிஃப்ட் முடிச்சு வந்து எவர்டன் ஆட்டம் பார்க்க உக்காந்தார். நம்ம நேரத்துக்கு ராத்திரி 1 மணி. 98ஆவது நிமிஷம் எவர்டன் டார்கோவ்ஸ்கி அடிச்சு 2-2. அந்த நேரத்துல தான் நெஞ்சு இறுக ஆரம்பிச்சிருக்கு. மேட்ச் டென்ஷன்னு நினைச்சார். அப்புறம் கேஸ்னு நினைச்சார். சோடா குடிச்சார், படுத்தார். விடிஞ்சும் போகல. குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. வியாழக்கிழமை மதியம் வேலைக்குக் கிளம்பிட்டார். லீவு போட்டா 27, 26 ஆயிடுமே.

13/
ராத்திரி 8 மணி. கேன்டீன்ல இருந்து எனக்கு மெசேஜ்:

“சார், நேத்து மேட்ச்ல இருந்து கேஸ் அடைச்ச மாதிரியே இருக்கு. வேர்க்குது. ஞாயித்துக்கிழமை வரட்டா?”

கூப்பிட்டேன். “அண்ணா, ஞாயித்துக்கிழமை இல்ல. இப்பவே. நடக்காதீங்க, பைக் எடுக்காதீங்க. பக்கத்துல இருக்கறவர்கிட்ட போனைக் கொடுங்க.”

தொழிற்சாலை ஆம்புலன்ஸ்ல ஓசூர்ல ஒரு மருத்துவமனைக்குப் போனார். நான் அங்க போய் ஈசிஜி தாளைக் கையில வாங்கினப்போ ஒரு நிமிஷம் யார்கிட்டயும் பேச முடியல. மாரடைப்பு. வலி தொடங்கி 17 மணி நேரம். இதயத் தசையில ஒரு பகுதி ஏற்கெனவே செத்துப் போனதுக்கான அடையாளம் அந்தத் தாள்லயே இருந்துச்சு.

14/
அடைச்ச குழாயைத் திறக்கறதுக்கு முதல் 12 மணி நேரம் முக்கியம். அதுலயும் முதல் ரெண்டு மூணு மணி நேரம் தங்கம். நேரம் போகப் போக காப்பாத்தக் கூடிய தசை குறைஞ்சுக்கிட்டே வரும். வலி இன்னும் இருந்ததால ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வெச்சாங்க. பிழைச்சார். ஆனா இதயம் பம்ப் பண்ற திறன் 38 சதவீதம். சாதாரணமா 55க்கு மேல இருக்கணும்.

15/
பிப்ரவரி 16. அவர் ஈசிஜிக்கு வர்றேன்னு சொன்ன அந்த ஞாயித்துக்கிழமை. ராத்திரி 7:30க்கு லிவர்பூல்-வுல்வ்ஸ். என் ட்ரிப்பிள் கேப்டன் சலா பெனால்டியில கோல் அடிச்சார். நான் அந்த நேரத்துல ஐசியு வெளியே ஸ்டீல் நாற்காலியில அவர் மனைவி பக்கத்துல உக்காந்திருந்தேன். அவங்க என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு தான்:

“உங்ககிட்ட முன்னாடியே சொன்னாராமே, அப்படிங்களா தம்பி?”

“சொன்னார் அக்கா.”

அதுக்கு மேல அவங்களும் கேக்கல. நானும் சொல்லல.

16/
27 நாள் லீவுல 24 நாள் வீட்டுக் கட்டில்ல போச்சு. மகளைப் பரீட்சைக்கு அம்மா டவுன் பஸ்ல கூட்டிட்டுப் போனாங்க. தினமும் அவ கிளம்பும்போது வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாராம், கை காட்ட.

17/
ரொம்ப நாள் எனக்கு உறைச்ச கேள்வி இது தான். ரெண்டு மாசம் முன்னாடியே ஒரு புயலைப் பார்த்துச் சிப் போடற வாரத்தைக் கணிச்ச மனுஷன், தன் நெஞ்சைப் பத்தி மட்டும் ஏன் கணிக்கல?

ஆட்டத்துல கெடு கண்ணுக்குத் தெரியுது. இத்தனை நாள், இத்தனை மணி நேரம்னு திரையிலேயே எழுதியிருக்கு. தாண்டினா பூட்டு. உடம்புல கெடு இருக்கு, ஆனா எங்கயும் எழுதியில்ல. அதை எழுதித் தர்றது என் வேலை. நான் எழுதித் தரல. ‘ஒரு நாள்’னு சொன்னேன்.

இத்தனைக்கும் காய்ச்சல்காரங்ககிட்ட நான் அப்படிச் சொல்றதே இல்ல. “இப்போ ஆன்டிபயாட்டிக் வேண்டாம், புதன்கிழமையும் காய்ச்சல் இருந்தா வாங்க”ன்னு கிழமை சொல்லித்தான் அனுப்புவேன். கூட ஷட்டில் ஆடுறவர்கிட்ட தான் கிழமை சொல்ல மறந்தேன்.

18/
இப்போ இந்த டிசம்பருக்கு வரேன்.

இந்த 2025-26 சீசன்ல விதியை மாத்திட்டாங்க. நாலு சிப்பும் ரெண்டு ரெண்டு. ஆனா முதல் நாலை 19ஆவது வாரக் கெடுவுக்குள்ள, அதாவது டிசம்பர் முடியறதுக்குள்ள போட்டாகணும். போடலைன்னா போச்சு, அடுத்த பாதிக்கு வராது. எங்க லீக்ல பாதிப் பேர் இன்னும் டபுள் வாரம் வருமான்னு வானத்தைப் பார்த்துட்டு இருக்காங்க. டபுள் வாரம் பெரும்பாலும் சீசனோட பின்பாதியில தான் வரும். முதல் பாதியில அதுக்காகக் காத்திருக்கறது, வராத பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி.

19/
நான் இப்போ சிப்புக்கு மூணு கேள்வி கேக்கறேன்.

ஒண்ணு: இது எப்போ காலாவதி?
ரெண்டு: காத்திருந்தா எனக்குப் புதுசா என்ன தெரிய வரும்?
மூணு: இன்னிக்கே போட்டுத் தப்பாப் போனா நஷ்டம் எவ்வளவு?

மூணாவதை நாம எப்பவும் பெருசாக்கிப் பார்க்கறோம். கேப்டனோட அந்த 87லயே சிப் கொடுத்தது 29 தான். மிச்சம் 58 சும்மா கேப்டன் ஆக்கியிருந்தாலே வந்திருக்கும். சாதாரண வாரத்துல நல்ல ஃபார்வர்டு 6 புள்ளி எடுத்தா சிப்போட லாபம் 6. பெஞ்ச் பூஸ்ட் தப்பாப் போனா ஒரு பத்து புள்ளி போகும். ஒரு சீசன்ல 2000 புள்ளி எடுக்கற ஆட்டத்துல இது பெரிய இழவு இல்ல. போடாமலே விட்டா நிச்சயமா பூஜ்யம்.

20/
அதனால முதல் பாதிச் சிப்புக்கு என் யோசனை. சொந்த மைதானத்துல, நிறைய கோல் வாங்கற அணியோட ஆடுற, பெனால்டியும் அடிக்கற ஆளுக்கு ட்ரிப்பிள் கேப்டன். பெஞ்ச்ல நாலு பேரும் உண்மையிலேயே களமிறங்கற வாரத்துல பெஞ்ச் பூஸ்ட். காயம், தடைன்னு பாதி டீம் படுத்துட்ட வாரத்துல ஃப்ரீ ஹிட். ஒரு வாரத்துக்கு ஒரு சிப் தான் போட முடியும்ங்கறதை மறக்காதீங்க. நாலும் கையில இருந்தா நாலு வாரம் வேணும்.

அதிசிறந்த வாரம் எதுன்னு சீசன் முடிஞ்ச பிறகு தான் தெரியும். நமக்கு வேண்டியது பரவாயில்லாத ஒரு வாரம், கெடுவுக்கு முன்னாடி.

21/
இதை எங்க லீக் ரோஜாக்காரர் எனக்கு முன்னாடியே புரிஞ்சு வெச்சிருக்கார். பிப்ரவரி 14க்குப் பூ போகணும்னா, டிசம்பர்லயே நாள் பார்த்துக் கவாத்து பண்ணணும். வெட்டினதுல இருந்து பூ வர சுமார் ஒன்றரை மாசம். பனி எப்படி இருக்கும், விலை எப்படி இருக்கும்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும்? “தெரிஞ்ச பிறகு வெட்டலாம்னா பூ மார்ச்ல தான் சார் வரும்” அப்படின்னார். அவர் தேதியை முதல்ல வெச்சுக்கிட்டு, அங்கிருந்து பின்னாடி எண்ணுறார்.

22/
இப்போ உங்க வேலை. நடந்தாலோ படி ஏறினாலோ நெஞ்சு அடைச்சு, நின்னா சரியாகுதா? அதே மூணு கேள்வி. எப்போ காலாவதி? யாருக்கும் தெரியாது. காத்திருந்தா என்ன தெரிய வரும்? நல்ல சேதி எதுவும் வராது. இன்னிக்கே பார்த்து ஒண்ணும் இல்லைன்னா நஷ்டம்? அரை நாள். அதனால இந்த வாரத்துக்குள்ள டாக்டரைப் பாருங்க.

ஓய்வா இருக்கும்போதே அடைப்பு வந்து போகாம நின்னா, வேர்த்தா, மூச்சு வாங்கினா, வலி தாடைக்கோ இடது கைக்கோ போனா, வாரம் எல்லாம் இல்ல, அந்த நிமிஷமே 108. சுகர் உள்ளவங்களுக்கு வலியே இல்லாம மூச்சுத் திணறலா மட்டும் கூட வரலாம். ‘கேஸ்’னு முடிவு பண்றது ஈசிஜி பார்த்த பிறகு இருக்கட்டும்.

23/
பெரிய ஆஸ்பத்திரி தூரம்னு வீட்டுலயே உக்காராதீங்க. 2023ல தமிழ்நாடு அரசு தொடங்கின ‘இதயம் காப்போம் திட்டம்’ இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ரத்தம் உறையறதைத் தடுக்கற முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவாங்க.

தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. இஎஸ்ஐ உள்ளவங்க நோய்க்காக விடுப்பு எடுத்தா, சந்தா நிபந்தனை சரியா இருந்தா, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கூலியில 70 சதவீதம் உதவித்தொகை உண்டு. சேர்த்து வெச்ச லீவு கரையுமேன்னு நெஞ்சுவலியை மறைக்காதீங்க.

24/
கேப்டன் இப்போ பகல் ஷிஃப்ட் மட்டும். ஷட்டில் இல்ல, கால்நடைப் பண்ணைப் பக்கம் மெதுவா நடை. ராத்திரி 1 மணி ஆட்டம் பார்க்க வீட்டுல அனுமதி இல்ல. மாத்திரை தவறினதில்ல. மறுபடி எக்கோ எடுத்தப்போ 44 சதவீதம்.

என் சீட்டுல இப்போ ‘ஒரு நாள்’ கிடையாது. மறுபடி வர வேண்டிய தேதியை எழுதி, கீழே கோடு போடறேன். அந்தத் தேதியில வரலைன்னா எங்க சிஸ்டர் போன் பண்ணுவாங்க. சில பேர் சலிச்சுக்கறாங்க. சலிச்சுக்கட்டும்.

25/
நேத்து குரூப்ல கேட்டேன், “கேப்டன், மிச்சம் சிப் எத்தனை?”

“ஒண்ணும் இல்ல சார். நாலையும் நவம்பர்லயே போட்டுட்டேன்.”

“புள்ளி?”

“ஒண்ணு நல்லா வந்துச்சு. மூணு சுமார். நீங்க?”

என்கிட்ட ட்ரிப்பிள் கேப்டன் ஒண்ணு பாக்கி. இந்தச் சனிக்கிழமை போடறேன்னு எழுதினேன். உடனே பதில் வந்துச்சு:

“சரி சார். நீங்க பிபி, கொலஸ்ட்ரால் பார்த்து எவ்வளவு நாளாச்சு?”

திங்கட்கிழமை காலை 7 மணி, வெறும் வயித்துல. தேதி அவருக்கு அனுப்பிட்டேன். உங்க தேதியையும் யாருக்காவது அனுப்பி வைங்க.